கையில் ஏறிய பாரம்

சுக்கான் முழுதாக இறங்காமல் நின்றது ஆனி மாதம். அது இறங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது புரட்டாதியில்; அதுவும், இனி ஏறவும் மாட்டேன் என்று அது அடம்பிடித்த பிறகுதான். இடையில் மூன்று மாதம் நான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

படகு பெரியதல்ல. பதினாறு அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. வேஃபேரர் என்ற வகை. இயன் ப்ராக்டர் 1957இல் வரைந்த பாய்ப்படகு. இதே வகைப் படகில், தலைக்கு மேல் கூரை என்று ஒன்றும் இல்லாமல், ஃப்ராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963இல் ஒரே ஒரு துணையோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போனார். அவருடைய படகு இப்போது ஃபால்மத்தில் உள்ள கடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னுடையது கிழக்கு லண்டனில், வீட்டு முற்றத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. சனிக்கிழமை காலையில் அதைக் காருக்குப் பின்னால் ட்ரெயிலரில் கொளுவி எசெக்ஸ் கரைக்கு இழுத்துப் போய், பிளாக்வாட்டர் கழிமுகத்தில் இறக்குவோம். நானும் மகளும்.

அந்தக் கரையில் ஆழம் என்பதே மணிக்கூட்டைப் பொறுத்தது. பெரிய வற்றின்போது நாலு மீட்டருக்கும் மேல் தண்ணீர் இறங்கிவிடும். காலையில் படகு மிதந்த இடத்தில் பின்னேரம் கொக்கு நடக்கும். மிச்சம் இருப்பது சேறு. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஓரத்தில் வளர்ந்தவனுக்கு அது புதிதல்ல. நாங்கள் அதைச் சுரி என்போம். காலை வைத்தால் விடாது. பலமாக இழுத்தால் செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் தரும். பிளாக்வாட்டர் சுரியும் அப்படித்தான். தண்ணீரிலும் அது எப்போதும் கரைந்தே கிடப்பதால், ஒரு சாணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

இப்படிப்பட்ட கரையில் ஓடும் படகுக்கு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் மடங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எங்கள் படகின் சுக்கானும் மடங்கும். பின்பலகையில் இரண்டு கொண்டிகளில் தொங்கும் அதன் மேற்பாதி இரண்டு அலுமினியத் தகடுகள். இங்குள்ள படகுக்காரர்கள் அவற்றைக் கன்னங்கள் என்கிறார்கள். கன்னங்களுக்கு நடுவே, தண்ணீருக்குள் இறங்கும் பலகை. ஒரே ஒரு போல்ட்டில், பேனாக்கத்தியின் அலகு கைப்பிடிக்குள் மடங்குவதுபோல அது ஏறி இறங்கும். மேலே இழுக்க ஒரு கயிறு, கீழே இழுக்க ஒரு கயிறு. கீழ்க்கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் சிறிய பிடியில்தான் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பலகை தரையில் மோதி, கயிறு அளவுக்கு மீறி இழுபட்டால், அது தானாகவே வாயைத் திறந்துவிடும். பலகை பின்னால் மடங்கி ஏறிக்கொள்ளும். ஒன்றும் உடையாது. இவ்வளவு மலிவான ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கணக்கை ஒளித்து வைத்த மனிதர் யாரோ, அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனியில் ஒரு நாள். மகள் சுக்கான் தடியைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. காற்று அளவாகத்தான் வீசியது.

“அப்பா, பாரமாக் கிடக்கு.”

“காத்து அப்பிடி. இறுக்கிப் பிடி.”

இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கையை மாற்றினாள். பிறகு தடியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு “நீங்கள் பிடியுங்கோ” என்று எழுந்து முன்னுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பிடித்தேன். பாரமாகத்தான் இருந்தது. மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பவே படகு துடித்தது. நேரே போக வைக்கத் தடியை நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. போன வருடம் இரண்டு விரலால் பிடித்த தடி. ஒரு வருடத்தில் படகுக்குத் திமிர் வந்துவிட்டதாக நினைத்தேன்.

திமிர் பிடித்த படகுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் அறிவின் கெட்ட பக்கம். எனக்குத் தெரிந்த வைத்தியங்கள் நிறைய. பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கினேன். பாய்மரத்தை இரண்டு விரற்கடை முன்னுக்குச் சாய்த்துக் கட்டினேன். படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைக் கொஞ்சம் உயர்த்தினேன். மகளை முன்னுக்கும் பின்னுக்குமாக நகர்த்தி உட்காரவைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வைத்தியமும் கொஞ்சம் கேட்டது. அதுதான் வினை. ஒன்றுமே கேட்காமல் போயிருந்தால், நோய் வேறு என்று இரண்டாம் வாரமே தெரிந்திருக்கும். பாயைச் சுருக்கினால் எந்தப் படகின் சுக்கானும் சற்று இலேசாகும், வேகமும் குறையும். இலேசானதைக் குணம் என்று எடுத்துக்கொண்டேன். குறைந்த வேகத்துக்குக் காற்றின் மேல் பழி போட்டேன்.

நடந்தது இதுதான். சுக்கான் பலகை நிமிர்ந்து நேரே கீழே நிற்கும்போது, தண்ணீர் அதைத் தள்ளும் விசை கொண்டிகளின் அச்சுக்குப் பக்கத்திலேயே விழும். என் சுக்கானில் பத்துச் சென்டிமீட்டர் பின்னால், அவ்வளவுதான். அதே பலகை முப்பது பாகை பின்னுக்குச் சாய்ந்து நின்றால் அதன் நடுப்பகுதி இன்னும் இருபது சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். பத்து முப்பதாகிறது. அதே தண்ணீர், அதே வேகம். கையில் மூன்று மடங்கு பாரம். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுவதையும் ஓரத்தில் பிடித்துத் தள்ளுவதையும் நினைத்துப் பார்த்தால் புரியும். இங்கே ஓரத்தில் நின்று தள்ளுவது தண்ணீர். கீலோரம் நின்று தாங்குபவன் நான்.

பலகை சாய்ந்து நிற்கிறது என்று நான் ஏன் சந்தேகிக்கவில்லை? கயிறு இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கீழ்க்கயிற்றை இழுத்தேன். அது வந்து நின்றது. இன்னும் ஒரு இழுவை இழுத்துப் பிடியில் மாட்டினேன். விரலால் தட்டினால் தந்தி போல அதிர்ந்தது. இவ்வளவு இறுகிய கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பலகை இறங்கித்தானே இருக்க வேண்டும்? கயிறு பொய் சொல்லவில்லை. என்னை ஏதோ எதிர்த்து இழுக்கிறது என்றுதான் அது சொன்னது. பலகை எங்கே நிற்கிறது என்று அதனிடம் நான் கேட்கவுமில்லை, அதற்கு அது தெரியவும் தெரியாது.

புரட்டாதியில் குட்டு வெளிப்பட்டது. கரைக்கு வந்துகொண்டிருந்தோம். தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நடுப்பலகையை ஏற்றிவிட்டுச் சுக்கானின் மேல்கயிற்றை இழுத்தேன். வரவில்லை. காலைப் பின்பலகையில் ஊன்றி இழுத்தேன். கயிறுதான் கையை அறுத்தது. இன்னும் ஐம்பது அடியில் சுரி. கொண்டியின் பூட்டைத் தட்டிவிட்டு, முழுச் சுக்கானையும் அப்படியே தூக்கிப் படகுக்குள் போட்டேன். வயிற்றில் கிடந்து தண்ணீர் வடித்த அதைப் பார்த்துத்தான் இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். கீழ்க்கயிறு இன்னும் தந்தி போல இறுகியே கிடந்தது. பலகை, முழங்காலை மடித்தவன் போல, சாய்ந்து நின்றது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை எடுத்துப் பின்பலகைக்கு மேலால் தண்ணீருக்குள் விட்டு, அதாலேயே திருப்பித் திருப்பிப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. கட்டுமரக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அது. அலை உடைந்து மணலில் ஏறும் கரையில் அடியில் தொங்கும் சுக்கான் நிலைக்காது என்பதால், அவர்கள் அதை வைத்துக்கொள்ளவே இல்லை; கையில் உள்ள துடுப்பே சுக்கான். சுக்கான் என்ற சொல்கூட நமக்கு அரபியிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கழிமுகத்தில், ஆழமில்லாத கரைக்குச் சுக்கானை உயர்த்த வேண்டிய பிரச்சினை என்னோடு தொடங்கியதும் அல்ல. 991ஆம் ஆண்டு வைக்கிங் கப்பல்கள் இதே பிளாக்வாட்டரில் ஏறி வந்து, மோல்டன் ஊருக்கு எதிரே ஒரு தீவில் தங்கின. நோர்தி என்ற தீவுதான் அது என்பது பொதுவான முடிவு. தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரியும் ஒரு பாதை வழியாக அவர்கள் கரைக்கு வர, அதில் மூண்ட சண்டையில் எசெக்ஸின் தலைவன் பிர்ட்நாத் இறந்தான். மோல்டன் கரையோரப் பூங்காவின் முனையில் இப்போது அவனுக்கு வாளை உயர்த்திய சிலை இருக்கிறது. வாள்களை விட எனக்கு அக்கறை அவர்களுடைய சுக்கான் மேல்தான். 1880இல் நார்வேயில் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் அதைப் பார்க்கலாம். வலப்பக்கம், பின்னோரத்தில், ஒரு பெரிய பலகை. அதைக் கப்பலோடு பிணைப்பது வளையும் மரவேரும் ஒரு வாரும். ஆழம் குறைந்த கரையை நெருங்கினால் கட்டை இளக்கிப் பலகையைத் திருப்பி உயர்த்திவிடுவார்கள். கப்பலின் வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே சுக்கான் இருந்த பக்கம் என்ற பொருளில் வந்ததுதான். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு மரவேர் செய்த வேலையை என் துருவேறாத எஃகு போல்ட் செய்ய மறுத்தது.

ஏன் மறுத்தது என்பதைக் கராஜுக்குள் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. முதல் நாள் எண்ணெய் விட்டு ஊறவிட்டேன். அடுத்த நாள் கேத்தலில் வெந்நீர் வைத்து மெல்ல ஊற்றினேன். நட்டு, ஒரு முனகலோடு, கழன்றது. போல்ட் அசையவில்லை. படகுத்துறையில் எனக்குப் பக்கத்து இடத்துக்காரர், எழுபது தாண்டிய ஆங்கிலேயர், தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். நட்டைத் திரும்பவும் போல்ட்டின் நுனியோடு சமமாகும் வரை திருகி வை, அப்போது அடி மரைக்கு விழாது. மரச் சுத்தியலால் தட்டு, அவசரப்படாதே. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த நட்டைக் கடைசியாக இறுக்கியது யார்?”

நான்தான். சித்திரையில், வருடத்தின் முதல் ஓட்டத்துக்கு முன்னால். பலகை கன்னங்களுக்கு நடுவே இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. சிறிய அலைக்கும் கடக், கடக் என்று ஒரு சத்தம். ஆட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஒழுங்காக வைத்திருக்கும் படகில் இப்படி ஒரு சத்தம் வரக்கூடாது என்று ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று இறுக்கினேன். சத்தம் நின்றது. நல்ல வேலை செய்தேன் என்று அன்றைக்குத் தேநீர் குடித்ததும் நினைவிருக்கிறது.

இருபதாவது தட்டில் போல்ட் நகர்ந்தது. கன்னங்களைப் பிரித்தபோது உள்ளே வெள்ளைத் தூள். சவர்க்காரத் தூள் போல, விரலில் ஒட்டும் தூள். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அரித்த தூள் அரிபட்ட உலோகத்தை விட அதிக இடம் கேட்கும். அந்த இடத்தை அது எங்கே எடுக்கும்? நான் விட்டுவைக்காத இடைவெளியில். தூளுக்குள் உலர்ந்த சுரி, மாவாக அரைபட்டு. துளையைச் சுற்றிப் பலகையின் வார்னிஷ் உரிந்து, ஒட்டுப்பலகை தண்ணீர் குடித்துப் பருத்திருந்தது. கன்னங்கள் கவ்வ, பலகை பருக்க, நடுவில் தூள் தள்ள, மூன்றும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஆனியில் முக்கால்வாசி இறங்கிய பலகை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் புரட்டாதியில் பூட்டிக்கொண்டது. என் அரைச் சுற்று மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மற்ற இரண்டும் வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால் கடக் கடக் என்று அது பேசிக்கொண்டே இருந்திருக்கும். பேச்சு நிற்கும்போது எனக்குக் கேட்டிருக்கும்.

திருத்தும் வேலை சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். பலகையை இரண்டு வாரம் வீட்டுக்குள் உலரவிட்டேன். துளையைப் பெரிதாகத் துளைத்து எபொக்சியால் நிரப்பி, அது கல்லான பிறகு நடுவில் சரியான அளவுக்குத் திரும்பவும் துளைத்தேன். இனிப் போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீரும் அந்த வழியால் போகாது. கன்னங்களின் உட்பக்கத்தைச் சுரண்டி உரசினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நைலோன் வாஷர். எஃகும் அலுமினியமும் சந்திக்கும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் மஞ்சள் பசை. கிரீஸ் வைக்கவில்லை, கிரீஸ் மணலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடைசியில் நட்டு. இறுகும் வரை திருகி, அங்கே நிறுத்தாமல், கால் சுற்றுத் திரும்பவும் இளக்கினேன். பலகை ஆடியது. கடக்.

அந்தக் கால் சுற்றை இளக்க எனக்குக் கை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பேனரைப் பிடித்தவன் கைக்கு இறுக்குவது இயல்பாக வரும். இளக்கினால் வேலை பாதியில் நின்றதுபோல ஒரு குறை. வீட்டிலும் அந்த வருடம் நான் அரைச் சுற்று இறுக்கியவை சில உண்டு. வீடு திரும்பும் நேரம், கைத்தொலைபேசி, எந்தப் பாடம் எடுப்பது என்ற பேச்சு. அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. சத்தம் நின்றது என்று மட்டும் சொல்லலாம்.

உலரும் பலகையைத் தினமும் தாண்டி நடந்த அந்த இரண்டு வாரத்தில் என்னை அரித்தது வேறொன்று. இறுக்கியது ஒரு பிழை, யாரும் செய்வது. அந்த மூன்று மாதம்தான் எனக்கு விளங்கவில்லை. சுக்கான் பிடிப்பவன் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். பாய், அலை, கரை, மற்றப் படகு எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால். அவன் கண்ணுக்குப் படாத ஒரே பொருள் அவன் கையிலிருந்து நீண்டு, முதுகுக்குப் பின்னால், கலங்கல் தண்ணீருக்குள் நிற்கும் அவனுடைய சொந்தக் கருவி. கைக்கு வரும் சேதி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. காற்று தள்ளினாலும் கை கனக்கும். தன் பலகை கோணலாக நின்றாலும் கை கனக்கும். பாரத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. அப்போது மனம் என்ன செய்கிறது? கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பிடிக்கிறது. பாய் தெரிகிறது, ஆகவே பாய்தான். காற்று வீசுகிறது, ஆகவே காற்றுதான். மகள் பிடித்திருக்கிறாள், ஆகவே பிடிக்கத் தெரியவில்லை. உலகம் என்னை எதிர்க்கிறது என்று மூன்று மாதம் நான் உணர்ந்த விசை, உண்மையான விசைதான். கை நொந்தது பொய்யில்லை. ஆனால் அது நான் நீட்டி வைத்திருந்த ஒன்றின் கோணத்தில் பிறந்து என் கைக்கே திரும்பி வந்த விசை. எதிர்த்து எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, அவ்வளவும் என்னோடேயே பிடித்த பிடி.

அதை முதலில் சொன்னது ஒரு பிள்ளை. அவள் காரணம் சொல்லவில்லை. காரணம் அவளுக்குத் தெரியாது. பாரமாகக் கிடக்கிறது என்று, இருந்ததை இருந்தபடி சொன்னாள். காரணம் தெரிந்தவன் நான். அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை.

ஐப்பசி நடுவில், குளிருக்குப் படகை மூடுவதற்கு முன்னால், ஒரு முறை இறக்கினோம். வற்றும் நேரம், வெயில் இருந்தது, சூடு இல்லை. மகள் பின்னால் தடியோடு. நான் முன்னால் பாயைப் பார்த்தபடி. சுக்கான் அவ்வப்போது கடக் என்றது. அவள் தடியை இரண்டு விரலால் பிடித்திருந்ததை நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. தீவின் ஓரத்தில் ஒரு திட்டு இருக்கிறது, தண்ணீருக்குள் நாக்கு நீட்டியதுபோல. அதை நான் கவனிக்கவில்லை. பின்னால் டக் என்று ஒரு சத்தம். படகு சற்றே முகம் திருப்பியது.

“பாரமாயிட்டுது” என்றாள்.

“காத்து...” என்று தொடங்கிவிட்டேன்.

அதற்குள் அவள் படகைத் திட்டிலிருந்து விலக்கிவிட்டு, பின்னால் சாய்ந்து, எட்டி, சுக்கானைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, கீழ்க்கயிற்றைக் கையில் எடுத்திருந்தாள்.